43 அங்குல டிவியும் மூன்றடி ஷோகேஸும்

புது டிவி வீட்டுக்கு வந்தது 2025 அக்டோபர் 4, சனிக்கிழமை. அதில் பார்க்கும்படியான படம் தெரிந்தது அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை. நடுவில் மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் செய்தது, தப்பாகச் செய்தது, பிரித்துப்போட்டுத் திரும்பச் செய்தது எல்லாவற்றையும் அளவுகளோடு இங்கே எழுதி வைக்கிறேன். இருபதாயிரம் சொச்சத்தில் ஒரு 4கே டிவி வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு, விலையைக் கட்டிய பிறகு என்னென்ன வேலை காத்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.

பழைய டிவி 32 அங்குலம், 2014இல் வாங்கியது. 1366க்கு 768 புள்ளிகள் (பிக்ஸல்). பதினோரு வருடம் உழைத்துவிட்டு, ஆடி மாதத்தில் இருந்து இடது ஓரம் கறுக்க ஆரம்பித்தது. உள்ளே திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட் பட்டையில் சில எல்இடிகள் போய்விட்டன. மாற்ற 2,800 ரூபாய் என்றார் மெக்கானிக். அவ்வளவு பழைய டிவிக்கு அந்தச் செலவு வேண்டாம், மாற்றிவிடலாம் என்று வீட்டில் முடிவானது.

செப்டம்பர் 22 வரை காத்திருந்தோம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்தது அன்றுதான். நான் கண் வைத்திருந்த 43 அங்குல மாடல் ஆகஸ்டில் 23,299 இருந்தது, வாங்கியபோது 21,499. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. இந்த விலைக்கு வருகிற டிவிகளில் பேனல், பிராசஸர் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தரத்தில்தான் இருக்கின்றன. கடையில் இரண்டு விஷயம் மட்டும் பார்த்தேன். ஒன்று, பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளிறுகிறதா என்பது. எங்கள் வீட்டில் யாரும் நேருக்கு நேராக உட்கார்ந்து டிவி பார்ப்பதில்லை. அம்மா சமையலறை வாசலில் இருந்து பார்ப்பார். இரண்டாவது, பின்னால் இன்டர்நெட் ஒயரை நேரடியாக மாட்டும் லேன் ஓட்டை இருக்கிறதா என்பது. அந்த இரண்டாவது பிற்பாடு காப்பாற்றியது.

தூரக் கணக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றபடி கணக்குக்குள் போகவில்லை. 43 அங்குலத் திரையில் முழு எச்டி (குறுக்கே 1920 புள்ளி) என்றால் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். 4கே (குறுக்கே 3840 புள்ளி) என்றால் கால் மில்லிமீட்டர். சாதாரணக் கண்ணுக்கு ஐந்தரை அடிக்கு அப்பால் போனால் அரை மில்லிமீட்டர் புள்ளி தனியாகத் தெரியாது. அதாவது பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு 43 அங்குலத்தில் 4கே வாங்கினால், அந்தக் கூடுதல் புள்ளிகள் கண்ணுக்கு வந்து சேராது. எங்கள் ஹால் 12 அடிக்கு 10 அடி. தரையில் உட்காருகிறவர்களுக்கு ஐந்து, ஆறு அடி தூரம்தான். அதனால் 4கே என்று முடிவு செய்தேன். 50 அங்குலம் ஏழாயிரம் ரூபாய் அதிகம் என்பதால் விட்டுவிட்டேன்.

டேப்பை எடுத்து உட்காரும் தூரத்தை அளந்தவன், டிவி வைக்கும் இடத்தை அளக்கவில்லை. முதல் பெரிய தப்பு அதுதான்.

அப்பா 1999இல் வீடு கட்டியபோது ஹாலின் மேற்குச் சுவரில் ஷோகேஸ் எடுத்தார். இருபுறமும் செங்கல் குறுக்குச் சுவர், நடுநடுவே கடப்பாக் கல் தட்டு. டிவிக்கென்று விட்ட கட்டம் மூன்றடி அகலம், இரண்டடி உயரம். 21 அங்குலக் குண்டு டிவிக்காக அளவெடுத்துக் கட்டியது. அதில் 32 அங்குலத்தை வைத்தபோது இரண்டு பக்கமும் கை நுழைகிற இடம் மிச்சம் இருந்தது. அந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டு 43ம் எப்படியாவது பிடித்துவிடும் என்று நினைத்தேன். பெட்டியில் 108 செ.மீ. என்று போட்டிருப்பது மூலைக்கு மூலை அளவு. திரையின் அகலம் மட்டுமே 95.2 செ.மீ.; சட்டத்தோடு 96 தாண்டிவிடும். கட்டத்தின் அகலம் 91. ஐந்து சென்டிமீட்டர் இடிக்கிறது.

இப்போது மனப்பாடமாக வைத்திருக்கும் வாய்ப்பாடு: அங்குல எண்ணை 2.2 ஆல் பெருக்கினால் திரையின் அகலம் செ.மீ.இல் வரும், 1.25 ஆல் பெருக்கினால் உயரம் வரும். சட்டத்துக்கு ஒன்றரை, காற்றோட்டத்துக்குப் பக்கத்துக்கு ஐந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைக் கடைக்குப் போகும் முன்பு போட்டிருந்தால் பாதி வேலை மிச்சம்.

தெரிந்த கொத்தனாரை வரச்சொல்லி ஷோகேஸின் ஒரு பக்கச் சுவரை இடிக்க முடியுமா என்று கேட்டேன். மேல் தட்டுக் கடப்பாக் கற்கள் இரண்டும் அந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. எல்லாவற்றையும் இறக்கி, இடித்து, திரும்பப் பூச இரண்டு நாள், 4,500 ரூபாய் என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கொத்தனார் உளியால் ஓரத்தைத் தட்டிப் பார்த்தபோது எழுந்து உள்ளே போய்விட்டார். அதை இடிக்க வேண்டாம் என்று அப்போதே தீர்மானித்தேன். மிச்சம் இருந்தது வடக்குச் சுவர். அங்கே பிளக் பாயிண்ட் இல்லை, டிஷ் ஒயர் இல்லை, இன்டர்நெட் இல்லை.

சுவர் வேலை முடியும் வரை டிவியை மர மேஜை மேல் அதன் இரண்டு கால்களில் நிறுத்தினேன். மாட்டுவதற்கு முன்னாலேயே பேனலைச் சோதித்தது நான் செய்த உருப்படியான காரியம். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரைக்கும் ஒரே நிறப் படங்களைப் பென் டிரைவில் போட்டு ஒவ்வொன்றாக ஓட்டினேன். செத்த புள்ளி எதுவும் இல்லை. கறுப்பில் மட்டும் கீழ் வலது மூலையில் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது. விளக்கை அணைத்தால்தான் தெரிகிறது. இந்த விலைக்கு அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துக்கொள்வதும், பெட்டியையும் தெர்மாகோலையும் பத்து நாளாவது பரணில் வைத்திருப்பதும் நல்லது. மாற்றித் தரக் கேட்டால் முதலில் கேட்பது அதைத்தான்.

சாயங்காலம் பழைய செட்டாப் பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் இணைத்து ஏழரை மணி சீரியலைப் போட்டேன். மேஜை வரை எட்டாததால் 150 ரூபாய்க்கு மூன்று மீட்டர் ஏவி ஒயர் புதிதாக வாங்கியிருந்தேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அம்மா சொன்னார்: "மூஞ்சியெல்லாம் தண்ணி ஊத்தி அழிச்ச மாதிரி இருக்குடா. பழைய டிவியே தேவலை."

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. முகங்கள் குழம்பி, எழுத்துகளுக்கு நிழல் விழுந்து, அகலம் இழுபட்டு. காரணம் எளிது. பழைய எஸ்டி பாக்ஸ், அதாவது எச்டிக்கு முந்தைய சாதாரண வகை, அனுப்புவது 720க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் இருப்பது 3840க்கு 2160. வகுத்துப் பார்த்தால் சரியாக இருபது. வருகிற ஒரு புள்ளியை டிவி இருபது புள்ளியாகப் பரப்பிக் காட்ட வேண்டியிருக்கிறது. 32 அங்குல டிவியில் அது இரண்டரைப் புள்ளி அளவுக்குத்தான் பரவியது, திரையும் சின்னது, அதனால் குறை தெரியவில்லை. டிவியை மட்டும் மாற்றினால் படம் மாறாது, இருக்கிற குறைதான் பெரிதாகத் தெரியும் என்பது அன்று ராத்திரி புரிந்தது. அந்த 150 ரூபாய் ஒயர் வீண்.

செவ்வாய்க்கிழமை டிவியைப் பொருத்துகிறவர் வந்தார். வடக்குச் சுவரைப் பார்த்துவிட்டு ஐந்தடி உயரத்தில் பென்சிலால் குறித்தார். "எல்லா வீட்லயும் அஞ்சடிதான் சார்" என்றார். நான் வேண்டாம் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்தால் அப்பாவின் கண் தரையில் இருந்து 108 செ.மீ. தரையில் உட்கார்ந்தால் என் பெண்ணின் கண் 70 செ.மீ. ஐந்தடி என்றால் 152. எல்லோரும் அண்ணாந்து பார்க்க வேண்டும். திரையின் நடு 105 செ.மீ.இல் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன், கீழ் விளிம்பு 78இல் வரும். சுவரில் நானே துளை போடுவதாகச் சொல்லி, அவரிடம் வாரண்டி பதிவை மட்டும் முடித்துக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 11, 12 இரண்டு நாளும் சுவர் வேலை. பக்கத்துத் தெரு எலக்ட்ரீசியன் அண்ணனிடம் ஹேமர் டிரில் இரவல் வாங்கினேன். முதலில் அவரே வந்து புது பிளக் பாயிண்டை இறக்கிக் கொடுத்தார். பொருளோடு சேர்த்து 600 ரூபாய். போகும்போது ஒன்று சொன்னார்: "தம்பி, சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலயும் நேர் கீழயும் டிரில் வைக்காதீங்க. பைப்பு அந்த வழியாத்தான் போகும்." அந்தக் கோட்டில் இருந்து இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டுத்தான் குறித்தேன்.

டிவியின் பின்னால் நான்கு திருகு துளைகள், குறுக்கே 20 செ.மீ., நெடுக்கே 20 செ.மீ. அதற்கேற்ற பிராக்கெட் 450 ரூபாய், கொஞ்சம் கீழே சாய்க்க முடிகிற வகை. பிராக்கெட்டைச் செய்தித்தாள் மேல் வைத்து வரைந்து, துளை இடங்களைக் குத்தி, தாளைச் சுவரில் ஒட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். இதற்கு அரை மணி நேரம் ஆனது. தாள் இல்லாமல் பிராக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குறித்தால் எப்படியும் இரண்டு மூன்று மி.மீ. சரியும்.

முதல் துளை 8 மி.மீ. பிட்டில் போட்டேன். சர்ரென்று இறங்கியது. அவ்வளவு சுலபமாக இறங்கினால் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக்கைத் துளைக்குள் தட்டி ஸ்க்ரூவைத் திருகினால் பிளக்கும் சேர்ந்து சுற்றியது. உருவினால் சாம்பல் நிறத் தூள் கொட்டியது. அங்கே நிறுத்திப் பார்த்தபோதுதான் விளங்கியது: எங்கள் சுவரின் பூச்சு மட்டுமே இரண்டு செ.மீ. கனம். 4 செ.மீ. பிளக்கில் பாதி பூச்சிலேயே நின்றுவிடுகிறது; மீதிப் பாதி இரண்டு செங்கலுக்கு நடுவே இருக்கும் கலவைச் சந்தில் போயிருக்கிறது. பிடிப்பே இல்லை.

அதன் பிறகு தூளின் நிறத்தைப் பார்த்துத்தான் துளை போட்டேன். துளைக்குக் கீழே சார்ட் தாளை மடித்துப் பை மாதிரி ஒட்டிவைத்தால் தூள் தரையில் சிந்தாது, நிறமும் தெரியும். சாம்பல் தூள் வந்துகொண்டே இருந்தால் பூச்சு அல்லது சந்து. இரண்டு செ.மீ. தாண்டியதும் செந்தூள் கொட்ட ஆரம்பித்தால் செங்கலின் நடுவில் இருக்கிறோம். மொத்தப் பிராக்கெட்டையும் மூன்று செ.மீ. கீழே இறக்கினேன், நான்கில் மூன்று துளை செங்கலில் விழுந்தது. நான்காவதைப் பிராக்கெட்டின் நீள ஓட்டைக்குள்ளேயே பக்கவாட்டில் ஒன்றரை செ.மீ. நகர்த்தினேன், அதுவும் சிவந்தது. பிட் 10 மி.மீ., பிளக் 10 மி.மீ., ஸ்க்ரூ 75 மி.மீ. நீளம். பிட்டில் 80 மி.மீ. அளவுக்கு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தடுமாற வேண்டாம். பழைய துளையை வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தேன். இப்போது திரையின் நடு 102 செ.மீ.; அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

டிவி ஏழு கிலோவுக்கும் குறைவு. இருந்தாலும் மாட்டுவதற்கு முன்பு பிராக்கெட்டில் கயிறு கட்டி 25 கிலோ அரிசிச் சிப்பத்தை ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டேன். காலையில் ஸ்க்ரூ தலைக்கும் சுவருக்கும் நடுவே அஞ்சலட்டை நுழைகிறதா என்று பார்த்தேன். நுழையவில்லை. அப்புறம்தான் நிம்மதி.

இன்னொரு இடத்திலும் தப்பு நடக்க இருந்தது. பிராக்கெட்டோடு வந்த திருகுகள் இரண்டு நீளம். நீளமானதுதான் உறுதி என்று நினைத்து டிவியின் பின்னால் வைத்துத் திருகினேன். கடைசி மூன்று சுற்று இருக்கும்போது தட்டி நின்றது. இன்னும் அழுத்தியிருந்தால் உள்ளே இருக்கும் போர்டிலோ பேனலின் முதுகிலோ குத்தியிருக்கும். 12 மி.மீ. திருகு, கூட ஒரு வாஷர், அது போதும். கையால் திருகிக் கடைசி அரைச் சுற்றுக்கு மட்டும் ஸ்க்ரூ டிரைவர். இதில் பவர் டிரைவரைத் தொடவே கூடாது.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு எச்டி பாக்ஸ் வந்தது. மாற்றுவதற்கு 1,150 ரூபாய். டிஷ் ஒயரை வடக்குச் சுவர் வரை இழுத்ததும் அதிலேயே அடக்கம். அம்மா பார்க்கிற மூன்று சேனலை எச்டியில் எடுத்ததில் மாதம் 90 ரூபாய் கூடியது. எச்டிஎம்ஐ ஒயர் ஒன்றரை மீட்டர், 300 ரூபாய். ஆயிரத்துக்கு மேல் விற்கும் தங்க முலாம் ஒயரைக் கடைக்காரர் எடுத்துப் போட்டார். பாக்ஸில் இருந்து வருவது 1080 வரிகள்தான், அதற்குச் சாதாரண ஒயரே தாராளம்.

இணைத்தும் படம் பெரிதாகத் தேறவில்லை. ஒரு மணி நேரம் ஒயரை மாற்றி, ஓட்டையை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பாக்ஸின் மெனுவுக்குள் போனால், அது வெளியே அனுப்பும் அளவு 576 என்று இருந்தது. எச்டி சேனலை வாங்கி, எச்டி பாக்ஸில் பிடித்து, பழைய அளவுக்குச் சுருக்கி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. 1080i என்று மாற்றியதும் திரை ஒரு நொடி கறுத்து, திரும்பி வந்தபோது செய்தி வாசிப்பவரின் புடவைக் கரையில் இருந்த சின்னச் சின்னக் கட்டம் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கூடவே ஒன்று: எச்டிஎம்ஐயில் வரும் படத்தை டிவி ஓரங்களில் கொஞ்சம் வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கீழே ஓடும் செய்தி வரியின் அடிப்பாகம் காணாமல் போனதை வைத்துக் கண்டுபிடித்தேன். படத்தின் அளவு என்கிற இடத்தில் ஜஸ்ட் ஸ்கேன் என்று வைத்தால் வெட்டாமல் முழுதாக வரும். சில டிவிகளில் இதற்கு ஸ்க்ரீன் ஃபிட் என்று பெயர்.

தீபாவளியன்று காலை எல்லோரும் உட்கார்ந்து யூடியூபில் 4கே வீடியோ பார்க்கலாம் என்று போட்டால் மங்கலாகவே ஓடியது. யூடியூபில் ஓடுகிற வீடியோவின் விவரங்களைத் திரையிலேயே காட்டுகிற ஒரு வசதி இருக்கிறது, ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்று அமைப்பில் வரும். அதைப் போட்டால் இப்போது உண்மையில் எத்தனை புள்ளி வருகிறது என்று தெரிந்துவிடும். எங்களுக்கு வந்தது 1280க்கு 720. வீட்டு இணைப்பு 100 எம்பிபிஎஸ். ஆனால் ரவுட்டர் படுக்கையறையில், இரண்டு சுவர் தாண்டி. டிவிக்கு வந்து சேர்ந்தது 9இல் இருந்து 11 எம்பிபிஎஸ். 4கே தடையில்லாமல் ஓட 20 ஆவது வேண்டும்.

இங்கே அவசரப்பட்டு 1,100 ரூபாய்க்கு வைஃபை ரிப்பீட்டர் வாங்கினேன். அது ரவுட்டரிடம் வாங்குவதற்கும் டிவிக்குக் கொடுப்பதற்கும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துகிற வகை. வேகம் கூடவில்லை, ராத்திரி நேரத்தில் 8க்கு இறங்கியது. நல்ல வேளையாக ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்ப முடிந்தது, பணமும் முழுதாக வந்துவிட்டது.

கடைசியில் ஒயரையே இழுப்பது என்று முடிவு செய்தேன். ரவுட்டரில் இருந்து டிவி வரை 12 மீட்டர். முனை பொருத்திய ரெடிமேட் லேன் ஒயர் வாங்கினால் அந்தப் பிளாஸ்டிக் முனை சுவர்த் துளையில் நுழையாது. அதற்காகப் பெரிய ஓட்டை போட வேண்டும். ஆகவே முனை இல்லாத கேட்-6 வகை லேன் ஒயரை மீட்டர் கணக்கில் வாங்கினேன். நாலரை அங்குலக் குறுக்குச் சுவரில் 12 மி.மீ. தடிமனுள்ள நீளமான பிட்டால் துளை. ஹால் பக்கம் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்துப் போட்டால் கழுவிவிடும் தண்ணீர் உள்ளே வராது. பிறகு 240 ரூபாய்க்கு ஒயரை மூடும் கேசிங்-கேப்பிங் பட்டி வாங்கிச் சுவரின் கீழ் ஓரமாக ஓட்டினேன். கரண்ட் ஒயரும் லேன் ஒயரும் ஒரே பட்டியில் போகக் கூடாது என்று தனித்தனியாக.

முனை பொருத்தும் கருவியை நண்பரிடம் வாங்கினேன். எட்டுக் கம்பிகளின் வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீலத்தை வைக்கிற இடத்தில்தான் நான் முதல் தடவை தப்பினேன். டிவியில் இணைப்பு வரவில்லை. முனையை வெட்டி எறிந்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து திரும்பப் போட்டேன். ராத்திரி டியூப்லைட்டில் ஆரஞ்சும் பழுப்பும் ஒன்றுபோல் தெரிகிறது. இரண்டாவது தடவை உடனே பிடித்தது. வேகம் 93. டிவியில் இருக்கும் லேன் ஓட்டையே 100க்கு மேல் வாங்காது, ஆனால் அதற்கு மேல் தேவையும் இல்லை. ஒயர், முனைகள், கிளிப் எல்லாம் சேர்த்து 380 ரூபாய். யூடியூப் விவரத்தில் 3840க்கு 2160 என்று முதல் முறையாகப் பார்த்தபோது சனிக்கிழமை மதியம் மணி இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை நிறங்களைச் சரிசெய்தேன். பெட்டியில் இருந்து எடுத்தவுடன் இருக்கிற விவிட் என்ற அமைப்பு கடை வெளிச்சத்தில் கண்ணைப் பறிப்பதற்கானது. வெள்ளை நீலமாகவும் தோல் நிறம் ரோஜாவாகவும் இருக்கும். மூவி அமைப்புக்கு மாற்றினேன். "எல்லாம் மஞ்சளா இருக்கே" என்றார் அம்மா. முதல் நாள் அப்படித்தான் தெரியும் என்பதால் ஸ்டாண்டர்டுக்கும் மூவிக்கும் நடுவில், நிறவெப்பத்தை ஒரு படி மட்டும் இறக்கி வைத்தேன். ஷார்ப்னஸ் 50இல் இருந்து 10க்கு. இதைக் கூட்டினால் தெளிவு வராது, எல்லா விளிம்பிலும் வெள்ளைக் கோடுதான் விழும். அசைவை வழவழப்பாக்கும் வசதியைச் சினிமாவுக்கு அணைத்தேன், கிரிக்கெட்டுக்கு அப்பா கேட்டதால் விட்டுவைத்தேன். எச்டிஆர் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறது; வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் வசதி அது. அந்த வெளிச்ச வித்தியாசத்தைக் காட்டும் அளவுக்குப் பிரகாசம் இந்தப் பேனலில் இல்லை. எச்டிஆர் வீடியோ போட்டால் இருட்டாகத் தெரிகிறது. இந்த விலையில் எச்டிஆருக்காக ஆயிரம் ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம் என்பேன்.

சத்தம் பற்றிச் சுருக்கமாக. ஸ்பீக்கர் டிவியின் அடியில் இருப்பதால் பேச்சு அமுங்கியது. பரணில் இருந்த பழைய 2.1 ஸ்பீக்கரை இறக்கி, ஹெட்போன் ஓட்டையில் இருந்து 120 ரூபாய் ஒயர் போட்டேன். போதுமாக இருக்கிறது.

பிளக்கில் மாட்டும் மீட்டரை வைத்து மின்சாரத்தையும் அளந்தேன். பழையது 48 வாட். புதியது விவிடில் 92, இப்போதைய அமைப்பில் 70. தினம் ஐந்து மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லுக்கு 21 யூனிட். முன்பு 14 சொச்சம். ஸ்பைக் கார்டு ஒன்று 520 ரூபாய்க்கு வாங்கி எல்லாவற்றையும் அதில் மாட்டியிருக்கிறேன். ராத்திரி அதை அணைத்துவிடுவோம்.

பிட், பிளக், ஸ்க்ரூவுக்கு ஆன 210 ரூபாயையும், வீணான ஏவி ஒயரையும் சேர்த்து மொத்தச் செலவு 25,619. டிவி போக 4,120. டிவி விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அடுத்த முறை பட்ஜெட் போடும்போது இந்த ஐந்தில் ஒன்றை முதலிலேயே எடுத்துவைத்துவிட்டு, மீதியில்தான் டிவியைத் தேடுவேன். வரிசையும் மாறும்: முதலில் லேன் ஒயர், பிறகு எச்டி பாக்ஸ், கடைசியில் டிவி. பாக்ஸும் ஒயரும் முன்னாலேயே வந்திருந்தால் அந்த முதல் சனிக்கிழமை அம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். நெட்ஃபிளிக்ஸில் 4கே வேண்டும் என்றால் மாதம் 649 ரூபாய் திட்டம்தான். எங்களுக்கு அது வேண்டாம் என்று விட்டாயிற்று.

26ஆம் தேதி சாயங்காலம் போனில் இருந்த படங்களைப் பென் டிரைவில் போட்டு ஓட்டினேன். ஊரில் திருவிழாவுக்கு எடுத்த பதினைந்து நிமிட 4கே வீடியோ முதலில் ஏறவே இல்லை. பென் டிரைவ் பழைய ஃபேட்-32 அமைப்பில் இருந்தது, அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் போடாது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றினால் எங்கள் டிவி படிக்கவில்லை. என்டிஎஃப்எஸ் ஆக மாற்றியதும் ஓடியது. ஆனால் வீடியோவைவிடப் போட்டோக்கள்தான் ஆச்சரியம். இன்றைய சாதாரணப் போனே 12 மெகாபிக்ஸல் எடுக்கிறது. 4கே திரை 8 மெகாபிக்ஸலுக்குக் கொஞ்சம் மேல். அதாவது இந்தத் திரை முழுவதையும் நிரப்புகிற படம் பல வருடமாக எங்கள் போனிலேயே இருந்திருக்கிறது, கையகலத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஊரில் தாத்தா கட்டிய வீட்டின் வாசல் படம் வந்தபோது அப்பா நாற்காலியில் இருந்து எழுந்து கிட்டே போனார். நிலைக்கு மேலே மரத்தில் செதுக்கியிருந்த ஆண்டை விரல் வைத்துப் படித்தார். 1951. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர். எண்ணெயும் புகையும் படிந்து அந்த எழுத்து நேரில் தெரிவதில்லை என்றார். அந்தப் படத்தை மாற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தேன்.

ஒரு வேலை பாக்கி. வடக்குச் சுவருக்கு எதிரே தெற்குச் சன்னல். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் தெற்கே சாய்ந்து வருவதால் மத்தியானம் ஒன்றில் இருந்து மூன்று வரை திரையில் சன்னல்தான் தெரிகிறது. சுவரைத் தேர்ந்தெடுத்தது ராத்திரியில் என்பதால் இதைக் கவனிக்கவில்லை. சன்னல் நான்கடிக்கு ஐந்தடி. கனமான திரைச்சீலைக்கு அளவு கொடுத்திருக்கிறேன், அடுத்த வாரம் வரும்.